இடது பின் சிலிண்டர்

விமானம் தரையை விட்டுக் கிளம்பிய இடத்தில் புழுதி இன்னும் அடங்கவில்லை, சுகந்தி அந்தப் புழுதியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், நிமிர்ந்து மேலே பார்த்தால் எதையாவது கண்டுவிடுவோம் என்று இருந்தது, ஒரு புகைக்கீற்றையோ, ஒரு பக்கமாகச் சரிகிற இறக்கையையோ, பார்க்காமல் இருந்தால் அது நடக்காது என்று சின்ன வயதில் ஊசி போடும்போது கண்ணை மூடிக்கொள்வாளே அந்த மாதிரி. கையிலிருந்த வாக்கி டாக்கி கரகரத்தது. "நூத்தி நாப்பத்தி ஒண்ணு" என்றார் மேலேயிருந்து அவள் கணவர் லோகநாதன். "கேக்குதுங்க" என்றாள். அவ்வளவுதான் பேச வேண்டும் என்று ஏற்பாடு. நிமிஷத்துக்கு ஒரு தடவை அவர் மீட்டரைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும், நாலு சிலிண்டருக்கும் மீட்டர் இருக்கிறது, ஆனால் மற்ற மூன்றும் வேண்டாம், இடது பக்கம் பின்னால் இருக்கிற அந்த ஒன்று மட்டும் எவ்வளவு சூடு என்று சொன்னால் போதும், இருநூற்று இருபதைத் தொட்டால் யாரையும் கேட்காமல் இறங்கிவிட வேண்டும், அதற்கு முன்னாலும் அவள் இறங்குங்க என்று சொன்னால் இறங்க வேண்டும். இருபது நிமிஷம். மணி ஏழேகால். உடுமலைக்குத் தெற்கே, ஒரு தோப்புக்காரர் தன் ஆசைக்குப் போட்டுவைத்த எழுநூறு மீட்டர் மண் ஓடுபாதை, இரண்டு பக்கமும் தென்னை, தூரத்தில் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன, அவற்றுக்கு ஒரு கவலையும் இல்லை. ஆறு வருஷமாகக் கோயம்புத்தூர் கணபதியில் அவளுடைய பட்டறையின் பின்கட்டில் இரண்டு பேருமாகச் சேர்ந்து கட்டிய விமானம், அதன் வால் கடைசியில் உட்காரும் ஆணிகூட எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தது என்று அவளுக்குத் தெரியும், தெரிந்து என்ன, அது இப்போது அவள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது, அதற்குள் அவர் இருக்கிறார்.

"நூத்தி அறுவத்தி மூணு." கேக்குதுங்க. ஏறும்போது சூடு ஏறத்தான் செய்யும், முழு விசையில் எஞ்சின் முக்கிக்கொண்டு ஓடுகிறது, மூக்கு மேலே தூக்கியிருக்கிறது, வேகம் குறைவு, வேகம் குறைவு என்றால் காற்று குறைவு, இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது, காற்றுதான் எல்லாம், முன்னால் விசிறிக்கு இரண்டு பக்கமும் இருக்கிற துவாரங்கள் வழியாக உள்ளே வந்து, சிலிண்டர்களின் தலைக்கு மேலே நிறைந்து, அவற்றைச் சுற்றி வரிவரியாக நிற்கிற மெல்லிய உலோக மடிப்புகளான ஃபின்களின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, வயிற்றுப் பக்கமாக வெளியே போக வேண்டும். போகவைப்பது தகடு. தகடு அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் பம்ப் மோட்டார்களுக்கு விசிறி மூடி அடித்துக் கொடுக்கிறவள், காற்றுக்கு எங்கே வழி விட்டால் எங்கே ஓடும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள், மார்ச் மாதம் வரைக்கும். மார்ச்சில் பதினோராவது நிமிஷத்தில் அந்தச் சிலிண்டர் இருநூற்று நாற்பதைத் தாண்டியது. அவர் விசையைக் குறைத்தார், குறைத்த மாத்திரத்தில் எஞ்சின் ஒரு மாதிரி இருமிற்று, வால்வு ஒன்று சூட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டது, பிறகு சத்தம் இறங்கிக்கொண்டே போயிற்று, இதே இடத்தில் நின்று அவள் அந்தச் சத்தம் இல்லாமல் போவதைக் கேட்டாள். சத்தம் கேட்டால் பயப்படலாம். சத்தம் போய்விட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு காலில் செருப்போடு ஓடினாள், தோப்பைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, மக்காச்சோளக் காட்டுக்குள், ஆளுயரக் கதிர்களை விலக்கிக்கொண்டு, எங்கே போகிறோம் என்று தெரியாமல், ஏனுங்க, ஏனுங்க என்று கத்திக்கொண்டே. அவர் ஒரு கீறலோடு வெளியே வந்து நின்றிருந்தார். "ஒண்ணுமில்ல சுகந்தி" என்றார். எரிந்த எண்ணெய் வாசனை அவர் சட்டையில் அடித்தது.

"நூத்தி எழுவத்தெட்டு." கேக்குதுங்க, என்று சொன்ன குரல் அவளுக்கே மெலிந்து கேட்டது. எழுபத்தெட்டு பரவாயில்லை. மார்ச்சில் இந்த உயரத்தில் இருநூற்றுப் பத்து. முப்பத்திரண்டு குறைந்திருக்கிறது, அதை நினைத்துச் சந்தோஷப்படு, அதை நினை. அந்த முப்பத்திரண்டைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஆறு மாதம் ஆயிற்று. முதலில் எல்லாரும் செய்கிற தப்பைத்தான் அவளும் செய்தாள், சூடாகிறதா, அப்போது முன்னால் துவாரத்தைப் பெரிசாக்கு. பெரிசாக்கினாள், தரையில் ஓட்டிப் பார்த்தார்கள், இன்னும் சூடாயிற்று. ஒரு வாரம் அதைப் பற்றியே நினைத்துக்கொண்டு சோற்றில் உப்புப் போட மறந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் ஏறும்போது புத்தியில் பட்டது, முன்வாசலில் கூட்டம் முண்டுகிறது, நடத்துநர் உள்ளே போங்க உள்ளே போங்க என்று கத்துகிறார், ஆனால் பின்வாசலில் இறங்குகிறவனுக்கு வழியில்லை, அவன் இறங்காமல் இவள் எப்படி ஏறுவாள். காற்றும் அப்படித்தான். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டாள். விமானத்தின் வாலைப் பட்டறைக்குப் பின்னால் இருந்த தென்னை மரத்தில் கட்டி எஞ்சினை ஓட்டி, சிலிண்டருக்கு மேலே ஒரு முனையும் கீழே ஒரு முனையுமாக வளைந்த கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தபோது இரண்டு பக்கத்துத் தண்ணீரும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றன, மேலே அழுத்தமே இல்லை, வந்த காற்று வேலை செய்யாமலேயே எங்கோ நழுவிக்கொண்டிருந்தது. எங்கே? பட்டறையின் ஷட்டரை இறக்கிவிட்டு, எஞ்சினை மூடுகிற மூக்கு மூடிக்குள்ளே ஒரு பல்பை எரியவிட்டாள். இருட்டில் அந்த மூடி கோயில் விளக்கு மாதிரி நாலா பக்கமும் ஒளி கசிந்தது. தகட்டுக்கும் மூடிக்கும் நடுவே வைத்த ரப்பர் பட்டை பின்பக்கமாக மடங்கியிருந்தது, முன்பக்கமாகச் சாய்ந்திருந்தால் காற்றே அதை அழுத்தி அடைத்திருக்கும், பின்பக்கமாகச் சாய்ந்ததால் காற்றே அதைத் திறந்துவிட்டது. அவள் சிரித்துவிட்டாள். ஒளி கசிந்த இடமெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டாள். அதற்குப் பிறகு அந்தச் சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால், வார்த்தபோது மிஞ்சிய உலோகப் பிசிறு ஃபின்களின் இடுக்கை நாலைந்து இடத்தில் அடைத்துக்கொண்டிருந்தது, இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடை உடைத்து, அந்தத் துண்டால் மூன்று நாள் அறுத்தாள். அடிவயிற்றுத் துவாரத்தை அகலமாக்கி, அதன் உதட்டைக் கீழ்ப்பக்கமாக வளைத்துவிட்டாள், ஓடுகிற காற்று அந்த உதட்டைத் தாண்டும்போது உள்ளே இருக்கிறதை உறிஞ்சிக்கொண்டு போகும். மறுபடி தண்ணீர்க் குழாய் வைத்தபோது மூன்று விரல் வித்தியாசம். மூன்று விரல்! அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினாள். பார்த்தார். "நல்லாருக்கு" என்றார், அவ்வளவுதான்.

"நூத்தி எம்பத்தாறு. மட்டம் பண்றேன்." எஞ்சின் சத்தம் மாறியது, உறுமல் தணிந்து ஒரே சீராக ஓடியது, இப்போது அவள் நிமிர்ந்து பார்த்தாள், வெள்ளையாக, தும்பிக்குக் கொஞ்சம் பெரிசாக, காற்றாலைகளுக்கு மேலே. ஏறி முடிந்தாகிவிட்டது. இனி இறங்க வேண்டியதுதான், இறங்குவது விமானம் இல்லை, சூடு, விசை குறைந்தது, வேகம் கூடிற்று, காற்று கூடிற்று, இனி நூற்று எண்பது, நூற்று எழுபத்தைந்து, அங்கே போய் நிற்கும், அவளுக்கு அது சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி. தன்னையறியாமல் கட்டைவிரலால் மற்ற விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள், எண்ணுவதற்கு ஒன்றுமில்லாவிட்டாலும். கரகரப்பு. "நூத்தித் தொண்ணூத்தி ரெண்டு" என்றார்.

கேக்குதுங்க என்று சொல்ல வேண்டும், சொல்லவில்லை. தொண்ணூற்றிரண்டு எப்படி? ஏறும்போது எண்பத்தாறு, மட்டமாகப் போகும்போது தொண்ணூற்றிரண்டா? ஒரு நிமிஷம் பின்தங்கும், எஞ்சினுடைய உடம்பில் இருக்கிற சூடு வெளியே வர ஒரு நிமிஷம் ஆகும், ஆகுமா? அப்படி ஆனாலும் இறங்கத்தானே வேண்டும், ஏறக் கூடாதே. "சுகந்தி?" "கேக்குதுங்க, கேக்குதுங்க." ரப்பராக இருக்கும். புது ரப்பர், ஆனால் இடது பின்பக்கம் ஒரு முழம் போதாமல் வேறொரு சுருளிலிருந்து வெட்டி ஒட்டினாள், அது கொஞ்சம் மெலிசு, கையில் பிடித்தபோதே மெலிசு என்று தெரிந்தது, தெரிந்தும் ஒட்டினாள், பரவாயில்லை என்று தன்னிடமே சொன்னாள், தன்னிடம் பேசுகிறபோது அவள் எப்போதும் கொஞ்சம் பொய் சொல்லுவாள். அது காற்று வேகத்தில் திரும்பியிருக்கும். தரையில் மடங்காதது மேலே மடங்கும். அல்லது வளைத்துவிட்ட அந்த உதடு, திருகாணி கழன்று மேலே மடிந்து துவாரத்தையே அடைத்துக்கொண்டிருக்கும், அடைத்துக்கொண்டால் பஸ்ஸின் பின்வாசல் சாத்திக்கொண்டது, உள்ளே எல்லாரும் நின்ற இடத்தில் நின்று வேர்க்கிறார்கள். எத்தனை ஆணி? ஆறு. ஆறையும் முறுக்கினாளா? முறுக்கினாள். நேற்றுச் சாயங்காலம் முறுக்கினாள், நாலாவது ஆணியின்போது மகள் ஓசூரிலிருந்து போன் பண்ணினாள், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே பேசினாள், பேசிக்கொண்டே முறுக்கினாளா, பேசி முடித்து நேராக அடுத்த ஆணிக்குப் போனாளா? "அப்பாவுக்கு இதெல்லாம் வேணுமாம்மா இனிமேல்?" என்று மகள் கேட்டாள். "உங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது, தகடெல்லாம் நான் பாத்துட்டேன்" என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது, கையில் ஸ்பேனர் எந்த ஆணியில் இருந்தது என்பது ஞாபகம் இல்லை, நாலா, ஐந்தா, ஐந்து என்றால் நாலு முடிந்திருக்கும், நாலு என்றால்.

"நூத்தித் தொண்ணூத்தொம்பது." இன்னொரு நினைப்பு அடியிலிருந்து மெதுவாக மேலே வந்தது, இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது. இவர் சொல்லுகிறது உண்மைதானா? லோகநாதன் எதையும் குறைத்துச் சொல்லுகிற ஆள். நூற்றி மூன்று டிகிரி காய்ச்சலில் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தபோது "லேசா ஒடம்பு சூடு" என்றார். சிறுநீரகக் கல் இறங்கியபோது கட்டில் சட்டத்தைக் கடித்துக்கொண்டு, டாக்டர் வலி எப்படி இருக்கு என்று கேட்டதற்கு "இருக்குதுங்க, கொஞ்சம்" என்றார். முப்பது வருஷம் மில் மில்லாகப் போய் நூற்பு எந்திரம் நிறுவிக் கொடுத்தவர், ஒரு தடவை விரல் நசுங்கி ரத்தம் சொட்டச் சொட்ட வந்து, சாப்பாடு ஆச்சா என்று அவளைக் கேட்டார். மார்ச்சிலும் அப்படித்தான், இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பதினைந்து என்று சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில் பார்த்தால் இருநூற்று நாற்பது, அவளைப் பயமுறுத்தக் கூடாது என்று குறைத்துச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். அப்படியானால் இப்போது தொண்ணூற்றொன்பது என்றால் எவ்வளவு? இருபதைக் கூட்டு. இருபத்தைந்தைக் கூட்டு. இருநூற்று இருபத்துநாலு, எல்லை தாண்டியாயிற்று, தாண்டியும் அந்த ஆள் அங்கே வெயிலைப் பார்த்துக்கொண்டு பறக்கிறார். மீட்டரில் உச்சம் எவ்வளவு போயிற்று என்று காட்டுகிற பொத்தான் இருக்கிறது, இறங்கியதும் அமுக்கினால் குட்டு உடைந்துவிடும், ஆனால் இறங்கியதும் என்பதற்கு முன்னால் இறங்க வேண்டுமே. "மெய்யாலுமே தொண்ணூத்தொம்பதுங்களா?" என்று கேட்டுவிட்டாள், ஏற்பாட்டில் இல்லாத கேள்வி. வாக்கி டாக்கியில் ஒரு நொடி வெறும் இரைச்சல். "ஆமா" என்றார். அந்த ஒரு நொடியை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உண்மையைச் சொல்லுகிறவனுக்கு ஒரு நொடி எதற்கு?

இருநூறு, இருநூற்றிரண்டு, இருநூற்று நாலு என்று எண்கள் ஏறிக்கொண்டே வந்தன. ஒன்பதாவது நிமிஷம். வாக்கி டாக்கியை முந்தானையில் துடைத்து மறு கைக்கு மாற்றினாள். இவளால்தானே. இதை அவள் நினைக்காமல் ஆறு மாதம் ஓட்டிவிட்டாள், காற்றையும் ரப்பரையும் நினைத்துக்கொண்டே இருந்தால் இதை நினைக்க நேரம் வராது. மக்காச்சோளக் காட்டிலிருந்து இறக்கையைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த அன்று, பட்டறைக் குழாயில் கை கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் அவர் கேட்டார்: "அப்படியே விட்டுடலாமா சுகந்தி?" அதை அவள் கேட்டாள். நன்றாகக் காதில் விழுந்தது. அவள் அப்போது ரப்பர் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, ஏனுங்க, சூடு எங்கிருந்து வருதுன்னு நான் கண்டுபுடிக்கிறேன், எனக்கு ஒரு மாசம் குடுங்க, என்றாள். அவர் சரி என்றார். அவர் எப்போது வேண்டாம் என்று சொன்னார்? அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை, அவள் எடுக்க விடவும் இல்லை, தினமும் ஒரு புதுக் கணக்கு, புதுப் படம், சாப்பிடும்போது தட்டோரத்தில் ரசத்தால் காற்று போகிற வழியை வரைந்து காட்டினாள். விமானம் ஓட்டத் தெரிந்தவர் அவர், உரிமம் அவருடையது, ஆசையும் முதலில் அவருடையதுதான், வாலிபத்தில் கிளப்பில் சேர்ந்து கற்றுக்கொண்டது. ஆனால் இந்த ஆறு மாதம்? இந்த ஆறு மாதம் யாருடைய ஆசை? அவளுக்கு அந்த முப்பத்திரண்டு டிகிரி வேண்டியிருந்தது. தன் தகடு சரி என்று ஒரு தடவை வானத்தில் எழுதிப் பார்க்க வேண்டியிருந்தது, அதற்கு எழுதுகோலாக இந்த மனுஷனை மேலே அனுப்பிவிட்டாள், அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார், காலையில் ஷூ கயிறு கட்டும்போது இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினார், அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ரப்பரை மறுபடி ஒரு தடவை தொட்டுப் பார்க்கப் போய்விட்டாள்.

"எரநூத்தி ஆறு." மேலே பார்த்தாள். புகை இல்லை. புகை தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கும். சத்தம் சீராகத்தான் இருந்தது, சத்தத்தை மட்டும் கேட்டால் அது ஒரு சொகமான எஞ்சின், அவள் காதுக்கு அது பொய் சொல்லாது, மோட்டார் ஓசையில் பேரிங் போவதைத் தெருமுனையிலிருந்தே சொல்லுகிறவள், ஆனால் மார்ச்சிலும் இருமுகிற வரைக்கும் அது சீராகத்தான் ஓடியது. பத்தாவது நிமிஷம். அடுத்தது பதினோராவது. பதினோராவது நிமிஷம் என்று ஒன்று வர வேண்டாம், பத்தாவதிலிருந்து பன்னிரண்டுக்குப் போய்விடலாம், சில ஆஸ்பத்திரிகளில் பதிமூன்றாம் நம்பர் அறை இருக்காதே அந்த மாதிரி. காற்றாலையின் இறக்கை ஒன்று மேலே வந்தது, போயிற்று, அடுத்தது வந்தது. கரகரத்தது. "எரநூத்திப் பன்னெண்டு" என்றார், குரலில் ஏதோ இருந்தது, என்னவென்று அவளுக்குப் பிடிபடவில்லை, ஏதோ கேட்கிற மாதிரி, ஒரு எண்ணைச் சொல்லுகிற மாதிரியே இல்லை. "எறங்குங்க" என்றாள். "எறங்கீருங்க இப்ப. போதும்." "செரி" என்றார், உடனே, அவள் சொல்லி முடிப்பதற்கு முன்னாலேயே.

அவர் வட்டமடித்து வந்ததையும், தென்னை மட்டைகளுக்கு மேலே மூக்கைத் தாழ்த்தியதையும், சக்கரம் ஒரு தடவை துள்ளி மண்ணில் ஒட்டியதையும் அவள் நின்ற இடத்திலேயே நின்று பார்த்தாள். விசிறி நின்ற பிறகுதான் ஓடினாள். அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, இறக்கைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். அவள் மூக்கு மூடியின் நாலு கொக்கியையும் தட்டித் திறந்தாள். எண்ணெய் வாசனை இல்லை. சுடு இரும்பின் வாசனை, அவ்வளவுதான். உதடு அப்படியே இருந்தது, ஆறு ஆணியும் இருந்தன, நாலாவதை ஸ்பேனர் போட்டுப் பார்த்தாள், அசையவில்லை. ரப்பர், அந்த மெலிசான ஒரு முழமும், முன்பக்கமாகச் சாய்ந்து மூடியோடு முத்தமிட்ட தடம் கருப்பாக நீளத்துக்கும் பதிந்திருந்தது. அப்புறம் எப்படி? உள்ளே எட்டி மீட்டரைப் பார்த்தாள், இன்னும் எரிந்துகொண்டிருந்தது, உச்சத்தைக் காட்டுகிற பொத்தானை அமுக்கினாள்.

நூற்று எண்பத்தாறு.

மறுபடி அமுக்கினாள். எண்பத்தாறு. வேறு சிலிண்டரோ என்று பார்த்தாள், இல்லை, இடது பின். அதற்கு மேல் அது போகவே இல்லை. ஏறும்போது எண்பத்தாறு, அதற்குப் பிறகு இறங்கியிருக்கிறது, அவள் நினைத்தபடியே. தொண்ணூற்றிரண்டு இல்லை, தொண்ணூற்றொன்பது இல்லை, இருநூற்றுப் பன்னிரண்டு இல்லவே இல்லை. நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் துள்ளி எழுந்தது, ஜெயித்துவிட்டோம் என்று, எழுந்த வேகத்தில் அப்படியே நின்றுவிட்டது, ஏனென்றால் இறக்கைக்கு அந்தப் பக்கம் அவர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார், டயரில் பார்க்க ஒன்றுமில்லை.

"ஏனுங்க" என்றாள்.

"பாத்துட்டியா?"

"பாத்தனுங்க."

அவர் குனிந்தபடியே இருந்தார். "மேல போனதும் அந்த வாசனை வந்துச்சு சுகந்தி. எண்ணெ கருகற வாசனை. நெசமாவே வந்துச்சு. மீட்டர் எழுவத்தொம்பதுன்னு காட்டுது, எனக்கு மூக்குல கருகுது. மீட்டரை நம்பறதா மூக்கை நம்பறதா?" டயரில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். "நானா எறங்குனா உன்னோட தகட்டை நான் நம்பாத மாதிரி ஆயிரும்னு நெனச்சேன். நீயா எறங்கச் சொல்லுவேன்னுதான் ஏத்தி ஏத்திச் சொன்னேன். நீ சீக்கிரம் சொல்ல மாட்டீங்கற."

அவளுக்குக் கோபம் வந்தது, வரத்தான் செய்தது, பத்து நிமிஷம் அவள் இங்கே செத்துப் பிழைத்தது யாருக்குத் தெரியும். "அந்த நம்பரை நம்பி நான் நாளைக்கி நல்லா இருக்கற தகட்டையெல்லாம் வெட்டிப் போட்டிருப்பேன் மாமா" என்றாள். மாமா என்று அவள் கூப்பிட்டு வெகு காலமாயிற்று. "பயமா இருக்கு, எறங்கறேன்னு சொன்னாப் போதாதுங்களா?"

"எப்படிச் சொல்றது?" என்றார். அது கேள்வியாகத்தான் இருந்தது, உண்மையிலேயே தெரியாமல் கேட்கிற கேள்வி. அப்போதுதான் அவர் ஷூவைப் பார்த்தாள், காலையில் இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டிய கயிறு, முடிச்சுக்கு மேல் முடிச்சுப் போட்டிருந்தார். ஆறு மாதமாக அவள் ஃபின்களைப் பார்த்தாள், பிசிறைப் பார்த்தாள், ஒளி கசிகிற இடமெல்லாம் கோடு போட்டாள். அப்படியே விட்டுடலாமா என்று அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லவில்லை.

ஸ்பேனரை இறக்கையின் மேல் வைத்துவிட்டு, அவருக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். அவரும் சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். கழுத்திலிருந்து வேர்வை இறங்கி அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது. எஞ்சின் ஆறுகிற சத்தம், டிக், டிக் என்று, தலைக்கு மேலே கேட்டது.

"ஏறறப்பவே இருந்துச்சுங்களா?" என்றாள்.

"இல்ல. ஏறறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. சந்தோசமாக்கூட இருந்துச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் மட்டம் பண்ணி விசையக் கொறச்சனா" என்று ஆரம்பித்தார், "அந்தச் சத்தம் மாறும் பாரு, உறுமல்லேர்ந்து எறங்கும் பாரு. அங்கதான்." மேற்கொண்டு சொல்லட்டும் என்று அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் சொல்லத் தொடங்கினார், மார்ச்சில் எஞ்சின் சத்தம் நின்றுபோன அந்த நொடியிலிருந்து.